சங்குப்பூ லேபிள்: நறுக்கிய பழம் கெடுவதை நிறத்தால் காட்டச் செய்யும் முழு வழிகாட்டி

நறுக்கிய பழம் அடைத்த பெட்டியின் மூடிக்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டக் காகிதம். பழம் நன்றாக இருக்கும்வரை அது நீலம். புளிக்கத் தொடங்கினால் ஊதாவுக்குப் போகும், நன்றாகக் கெட்டால் இளஞ்சிவப்பு சாயும். வேலியில் படர்ந்து கிடக்கும் சங்குப்பூவை வைத்து இதை வீட்டு அடுக்களையிலேயே செய்துவிடலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் சக்கைச்சுளை (பலாச்சுளை) உரித்துப் பெட்டியில் அடைத்து விற்கும் ஒரு மகளிர் குழுவோடு உட்கார்ந்து இதைச் செய்து பழகினேன். அப்புறம் இன்னும் சிலருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அநேகமாக எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்தான். லேபிளை முதலில் செய்துவிட்டு, பழத்தைக் கடைசியில் தேடிப் போனார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது. அவசரப்பட்டு நடுவில் ஒரு படியைத் தாண்டினால், திரும்பி அந்தப் படிக்கே வந்து நிற்பீர்கள்.

1. உங்கள் பழத்துக்கு இது பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

இந்த லேபிளுக்குப் பழத்தைத் தெரியாது. பெட்டிக்குள் இருக்கும் காற்றில் அமிலம் கூடுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். நறுக்கிய பழத்தில் ஈஸ்ட் சேர்ந்து சர்க்கரையைப் புளிக்க வைக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் ஆல்கஹாலும் வரும். பின்னால் பாக்டீரியா சேர்ந்து அசிட்டிக் அமிலமும் வரும். ஆல்கஹாலுக்கு லேபிள் அசையாது. மற்ற இரண்டும் லேபிளின் ஈரத்தில் கரைந்து அதை அமிலமாக்குவதால்தான் நிறம் மாறுகிறது.

ஆகவே மூடிய பெட்டி வேண்டும். நறுக்கிய சக்கை, பப்பாளி, மாம்பழம், தர்ப்பூசணி என்றால் செய்யலாம். திறந்த கூடையில் வைத்த மட்டி வாழைக் குலைக்கோ செவ்வாழைத் தாருக்கோ ஒட்டிப் பயனில்லை. வாயு வெளியே போய்விடும். "வாழை பழுக்கும்போது எத்திலீன் வருமே, அதைக் காட்டாதா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். காட்டாது. எத்திலீன் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. இந்தச் சாயம் அதைக் கண்டுகொள்ளாது.

இன்னொரு குழப்பம் மீன் லேபிள். மீன் கெட்டால் அம்மோனியா போன்ற காரமான வாயுக்கள் வரும், சங்குப்பூ பச்சைப் பக்கம் போகும். பழம் புளித்தால் போக வேண்டிய திசை அதற்கு எதிர். குளச்சல் மீனுக்குச் செய்த லேபிளைக் குலசேகரம் சக்கைக்கு ஒட்ட முடியாது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சாயத்துக்கு: நீலச் சங்குப்பூ, காய்ந்ததாக 10 கிராம். வெள்ளைச் சங்குப்பூ ஆகாது, அதில் நமக்கு வேண்டிய நிறமி இல்லை. கூடவே கால் கிலோ ஊதா முட்டைக்கோஸ். எல்லாக் காய்கறிக் கடையிலும் இருக்காது. நாகர்கோவிலில் பெரிய கடைகளில் முந்தின நாளே சொல்லி வைத்தால் நல்லது.

தண்ணீர்: மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் இரண்டு லிட்டர். கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கரைந்திருக்கும் உப்புகள் சாயத்தைக் காரப் பக்கம் இழுத்துவிடும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அந்த அளவும் மாறும். ஒரே செய்முறையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீலமும் உங்களுக்குப் பச்சையும் வந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

காகிதம்: ஆய்வக வடிதாள். வாட்மேன் 1 என்று கேட்டால் ஆய்வகப் பொருள் கடையில் தருவார்கள். கிடைக்காவிட்டால் பூச்சு இல்லாத காபி வடிதாள்.

மற்றவை: ஆப்பசோடா, வெள்ளை வினிகர், கிளிசரின், பிஎச் தாள் (அமிலமா காரமா என்று எண்ணால் காட்டும்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்), 0.1 கிராம் காட்டும் சிறு தராசு, சமையல் வெப்பமானி, பஞ்சு, சொட்டு விடும் பில்லர், ஜிப் பை, சிலிக்கா ஜெல் பொட்டலம். மூடியுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள் குறைந்தது பதின்மூன்று வேண்டும். விற்பனைக்கு எந்தப் பெட்டியோ அதையே வாங்குங்கள். பெட்டி மாறினால் உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறும், கணக்கும் மாறும்.

3. முதலில் பழத்தைக் கெட விடுங்கள்

இந்தப் படியில்தான் எல்லோருக்கும் பொறுமை போகும். லேபிள் எதுவும் இன்னும் செய்யவில்லை. ஆறு பெட்டிகளில் ஒரே எடை பழம் போட்டு மூடுங்கள். மூன்றைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், மூன்றை வெளியே.

வெளியே வைத்ததை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளிரில் வைத்ததைக் காலையும் மாலையும் பாருங்கள். வாடை, சாறு விடுதல், குமிழி, வழுவழுப்பு ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாப் பெட்டிகளையும் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே சேர்ந்த வாயு போய்விடும். மூன்று பெட்டி வைப்பது அதற்காகத்தான். ஒன்று முகர்ந்து பார்க்க, மற்ற இரண்டும் திறக்காமல் இருக்க.

வாடையை நீங்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள். என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லாமல் இன்னும் இரண்டு பேரை முகரச் சொல்லுங்கள். "இதை என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்" என்று முதல் ஆள் சொல்லும் நேரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. லேபிள் நிறம் மாற வேண்டிய நேரம் அதற்கும் முன்னால்.

நாங்கள் ஏப்ரலில் வெளியே வைத்த வருக்கைச் சுளை (கெட்டிச் சுளை உள்ள சக்கை வகை) அன்று மாலையே மெல்லிய கள் வாடை காட்டியது. குழைந்த சுளை உள்ள கூழன் வகை அதற்கும் முன்பே. வருக்கைக்குச் சரியான லேபிள் கூழனுக்குச் சரியாக வராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நோட்டு இல்லாவிட்டால் அதை இருநூறு லேபிள் செய்த பிறகு கண்டுபிடித்திருப்போம்.

சோதனைப் பழம் எதையும் ருசி பார்க்க வேண்டாம். மாட்டுக்கும் வேண்டாம், உரக்குழிக்குப் போகட்டும்.

4. சாயம் எடுப்பது

பூவின் பச்சைக் காம்பையும் புல்லிவட்டத்தையும் கிள்ளி எறியுங்கள். இதழ் மட்டும் வேண்டும், காம்பு சேர்ந்தால் சாயம் கலங்கும். 10 கிராம் காய்ந்த இதழுக்கு 100 மில்லி நீர். நீரை 65 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, இதழைப் போட்டு மூடி அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள். இந்த நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். நீண்ட நேரச் சூடும் வெயிலும் அதற்கு ஆகாது.

முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, 100 கிராமுக்கு 200 மில்லி நீர் என்ற கணக்கில் அதேபோல எடுங்கள். இரண்டையும் பருத்தித் துணியில் வடித்து, அப்புறம் பஞ்சில் இன்னொரு முறை வடித்து, தனித்தனிப் புட்டியில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

ஏன் இரண்டு சாயம்? சங்குப்பூ தூங்குமூஞ்சி. பிஎச் 7-லிருந்து 5 வரை இறங்கினாலும் கிட்டத்தட்ட நீலமாகவே இருக்கும். 4-ஐ நெருங்கும்போதுதான் ஊதா தெளிவாகத் தெரியும். முட்டைக்கோஸ் பதற்றக்காரன். 8-ல் நீலமாக இருப்பது 6-லேயே ஊதாவாகிவிடும். நல்ல பழம் சும்மா மூச்சு விடுவதில் வரும் கார்பன் டை ஆக்சைடுக்கே அது பயந்துவிடும். சங்குப்பூ மட்டும் என்றால் எச்சரிக்கை தாமதம், முட்டைக்கோஸ் மட்டும் என்றால் பொய் எச்சரிக்கை. மூன்று பங்கு சங்குப்பூவும் ஒரு பங்கு முட்டைக்கோஸும் கலந்து தொடங்குங்கள், பிறகு உங்கள் பழத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். முட்டைக்கோஸ் கூடினால் அதன் வாடை பழத்தில் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மஞ்சள், பீட்ரூட், செவ்வரத்தி (செம்பருத்தி) மூன்றையும் கொண்டு வராத புதியவர் இல்லை. மஞ்சள் காரம் பட்டால்தான் சிவக்கும், அமிலத்துக்கு அசையாது. பீட்ரூட்டில் இருப்பது வேறு நிறமி. பிஎச் 3-லிருந்து 7 வரை அது ஒரே சிவப்பு. செவ்வரத்திச் சாயம் அமிலத்தில் அழகாகச் சிவக்கும், உண்மைதான். ஆனால் நடுநிலையில் வைத்தால் சீக்கிரம் மங்கிவிடும். லேபிள் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நடுநிலைக்குப் பக்கத்தில்தான் கழிக்க வேண்டும்.

5. காகிதத்தைச் சோதியுங்கள்

இந்தப் படிக்குத் தனித் தலைப்பு கொடுத்திருப்பதற்குக் காரணம் நான் வீணாக்கிய காகிதம்.

முதல் தடவை வடிதாள் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் இருந்த ஜெராக்ஸ் காகிதத்தில் தோய்த்தேன். நல்ல நீலத்தில் முக்கி எடுத்தேன். கொடியில் மாட்டி டீ குடித்துவிட்டு வருவதற்குள் நடுப்பகுதி பச்சை கலந்த நீலமாகிவிட்டது. புளித்த சுளைமேல் வைத்தால் ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தது. நிறைய ஜெராக்ஸ் காகிதங்களில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், அதாவது சுண்ணாம்புக் கல்லின் தூள். வருகிற அமிலத்தையெல்லாம் அந்தத் தூளே குடித்துவிடுகிறது. சாயத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை.

சோதனை எளிது. காகிதத்தில் சாயம் ஒரு சொட்டு விடுங்கள், பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சொட்டு கண்ணாடி டம்ளரில் இருந்த அதே நீலமாக இருந்தால் காகிதம் சரி. பச்சை தட்டினால் கார்பனேட் இருக்கிறது. ஊதா தட்டினால் காகிதத்தில் அமிலம் இருக்கிறது. இரண்டுமே வேண்டாம்.

6. சாயத்தைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டு வருவது

கலந்த சாயம் இயல்பாகவே லேசான அமிலமாக இருக்கும். அப்படியே தோய்த்தால் லேபிள் பாதி வழியிலிருந்து ஓடத் தொடங்கும், நிறம் மாற இடமே இருக்காது. ஆகவே கொஞ்சம் காரப் பக்கம் நகர்த்த வேண்டும்.

100 மில்லி நீரில் 1 கிராம் ஆப்பசோடா கரையுங்கள். 100 மில்லி சாயத்தில் இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 7.5-க்கும் 8-க்கும் நடுவே நிறுத்துங்கள். சாயம் நல்ல நீலமாக, பச்சையின் சாயல் வந்தும் வராமலும் இருக்கும். பிஎச் தாளே சாயத்தின் நிறத்தில் மூழ்கிவிட்டால், ஒரு சொட்டு சாயத்தைப் பத்துச் சொட்டு வடித்த நீரில் கலந்து பாருங்கள். தோராயமாகச் சொல்லும், இங்கே அது போதும்.

சோடாவைக் கரண்டியில் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. சோடா எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அமிலம் வந்தால்தான் லேபிள் நகரும். பழம் கெட்ட பிறகும் அது நீலமாகவே உட்கார்ந்திருக்கும். இந்தத் தவறு ஆபத்தானது, ஏனென்றால் லேபிள் அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. குறைவாகப் போட்டால் முதல் மணி நேரத்திலேயே ஊதாவாகும். அது எரிச்சல்தான், ஆபத்தில்லை. சந்தேகம் வந்தால் குறைவாகப் போடுங்கள்.

கடைசியாக 100 மில்லிக்கு 2 மில்லி கிளிசரின். வாயு கரைய லேபிளில் ஈரம் வேண்டும். முழுதும் காய்ந்த லேபிள் ஊமை. கிளிசரின் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

7. தோய்ப்பதும் உலர்த்துவதும்

வடிதாளைச் சாயத்தில் ஐந்து நிமிடம் முக்கி வைத்து, எடுத்து, ஓரத்தில் தொங்கும் சொட்டைத் தட்டிவிட்டு, நிழலில் காற்றோட்டமாகக் கிடத்துங்கள். தொங்கவிட்டால் சாயம் கீழ் ஓரத்தில் தேங்கி, மேலே வெளிறி, கீழே கறுத்து வரும். ஸ்டீல் சல்லடைமேல் படுக்கையாக வைப்பது நல்லது. பாதி காய்ந்ததும் ஒரு முறை திருப்பிப் போடுங்கள்.

வெயில் வேண்டாம், நிறம் போகும். ஓவன் அடுப்பின் சூடும் வேண்டாம். ஆப்பசோடா சூட்டில் அதைவிடக் காரமான சோடியம் கார்பனேட்டாக மாறத் தொடங்கும், லேபிள் பச்சைக்குப் போகும். மின்விசிறி போதும்.

நம் மாவட்டத்துக்கு ஒரு தொல்லை உண்டு. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் நமக்கு வரும். அந்த நாட்களில் காகிதம் காய இரண்டு நாள்கூட ஆகும், ஈரத்திலேயே கிடந்து பூஞ்சை பிடிக்கும். மூடிய டப்பாவில் அடியில் சிலிக்கா ஜெல் பரப்பி, மேலே சல்லடையில் காகிதம் வைத்துக் காய வைத்தேன். வேகம் குறைவு, ஆனால் பூஞ்சை வரவில்லை.

காய்ந்ததும் வட்டமாக வெட்டி, ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, இருட்டில், குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பைமேல் தேதி எழுதுங்கள். காரப் பக்கம் நகர்த்திய சாயம் நாளாக ஆக மங்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்வது என் வழக்கம்.

8. பழம் இல்லாமல் இரண்டு சோதனை

முதல் சோதனை: மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் பஞ்சு வைத்து ஐந்து சொட்டு வினிகர் விடுங்கள். லேபிளை மூடியின் உள்பக்கம் ஒட்டி மூடுங்கள். லேபிள் பஞ்சைத் தொடக்கூடாது. சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து ஊதா ஏறத் தொடங்க வேண்டும். அரை மணி நேரம் ஆகியும் அசையவில்லை என்றால் சோடா அதிகம், அல்லது காகிதம் சரியில்லை, அல்லது லேபிள் எலும்பாகக் காய்ந்திருக்கிறது.

இரண்டாம் சோதனைதான் முக்கியம், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதே மாதிரிப் புட்டியில் பஞ்சில் வெறும் வடித்த நீர் விட்டு, லேபிள் ஒட்டி, உங்கள் பழம் எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாள் வையுங்கள். ஒன்று வெளியே, ஒன்று குளிர்ப்பெட்டியில். நிறம் மாறவே கூடாது. பழம் இல்லாமலே மாறுகிற லேபிள் பழத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, தன் சாயம் மங்குவதைத்தான் சொல்கிறது. மங்குவது வேறு, மாறுவது வேறு. மங்கினால் வெளிறும், மாறினால் நிறம் அழுத்தமாகவே இருந்து ஊதாவாகும்.

9. பெட்டியில் எங்கே, எப்படி ஒட்டுவது

லேபிள் மூடியின் உள்பக்கம் இருக்க வேண்டும். முகம் மேலே, வாங்குகிறவர் மூடி வழியாகப் பார்ப்பதற்கு. பின்பக்கம் பழத்தை நோக்கி. அந்தப் பின்பக்கத்தைக் காற்று புகும் ஒன்றால் மூட வேண்டும். சாதாரண செலோடேப் ஒட்டினால் வாயு நுழையாது, லேபிள் மூச்சடைத்துக் கிடக்கும். சோதனைக்கு மருந்துக்கடையின் மைக்ரோபோர் டேப் அருமையாக வேலை செய்யும். அது காயக்கட்டுக்குச் செய்தது, உணவுக்கு அல்ல. விற்பனைப் பெட்டிக்கு உணவுத் தரமான, காற்று புகும் படலத்தைத் தேட வேண்டும்.

நடு மூடியில் ஒட்டாதீர்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் மூடியில் வியர்க்கும். நீர்த்துளிகள் நடுவில் சேர்ந்து, சாயத்தைக் கரைத்துக்கொண்டு சொட்டும். மூடியின் ஒரு மூலையில், கொஞ்சம் உயரமான இடத்தில் ஒட்டுங்கள். பழத்தையும் மூடிவரை நிரப்பாமல் ஒரு விரற்கடை இடம் விடுங்கள்.

கைதச்சக்கைக்கு, அதாவது அன்னாசிக்கு, இது இரண்டு மடங்கு முக்கியம். அன்னாசியின் சாறே பிஎச் 4-க்குக் கீழ். நல்ல பழமாக இருந்தாலும் ஒரு துளி சாறு பட்டால் லேபிள் ஊதாவாகிவிடும். பெட்டியைத் தலைகீழாகப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற வாடிக்கையாளருக்கு இந்த லேபிள் எப்போதும் பொய்தான் சொல்லும். நான் அன்னாசிக்கு முயன்றேன், விட்டுவிட்டேன். சக்கையும் பப்பாளியும் சாறு அவ்வளவு புளிப்பில்லாதவை. புதியவர்கள் அவற்றில் தொடங்குங்கள்.

10. பழத்தோடு ஓட்டம், எல்லை நிறம்

இப்போதுதான் பழமும் லேபிளும் சந்திக்கின்றன. மூன்றாம் படியில் செய்ததையே லேபிளோடு திரும்பச் செய்யுங்கள். ஆறு பெட்டி, ஒரே எடை, பாதி குளிரில், பாதி வெளியே. கூடவே பழமில்லாத ஒரு பெட்டி.

ஒவ்வொரு பார்வையிலும் போட்டோ எடுங்கள். அதே சன்னல், அதே நேரம் முடிந்தவரை, பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலம் சாம்பலாகத் தெரியும். போட்டோவை நோட்டில் உள்ள வாடைக் குறிப்போடு வைத்துப் பாருங்கள். உங்கள் எல்லை நேரத்துக்கு முந்தைய பார்வையில் லேபிள் என்ன நிறமோ, அதுதான் "வேண்டாம்" நிறம்.

முதல் ஓட்டம் சரியாக வராது. குழுவில் மூத்த அக்கா ஒருவர் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மக்ளே, சக்கை நல்லாத்தான் இருக்கு. உன் பேப்பர்தான் கெட்டுப்போச்சு." முட்டைக்கோஸ் பாதிக்குப் பாதி போட்டிருந்தேன். பழம் மூச்சு விட்டதற்கே லேபிள் ஊதாவாகிவிட்டது.

சரி செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சீக்கிரம் மாறினால் முட்டைக்கோஸைக் குறையுங்கள். அது போதாவிட்டால் சோடா இரண்டு மூன்று சொட்டு கூட்டலாம். தாமதமாக மாறினால் முதலில் சோடாவைக் குறையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, மறுபடி ஒரு வாரம் போகும்.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். ஊதாவான பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு லேபிளைப் பாருங்கள். நிறம் ஓரளவு நீலத்துக்குத் திரும்பியிருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் அமிலமும் குறையும், சாயமும் திரும்பும். அதாவது பெட்டியைத் திறந்து மூடி லேபிளைப் "புதுசாக்க" முடியும். ஆகவே மூடிமேல் ஒரு சீல் ஒட்டு வேண்டும். வாங்குகிறவருக்கும் "திறக்கும் முன் நிறம் பாருங்கள்" என்று எழுதித் தர வேண்டும்.

நிறத்தைக் காட்டும் விதத்துக்கும் ஒரு உத்தி உண்டு. நல்லது, பரவாயில்லை, கெட்டது என்று மூன்று நிற அட்டை ஒட்டுவதைவிட, லேபிளைச் சுற்றி "வேண்டாம்" நிறத்தில் ஒரு வளையம் அச்சடியுங்கள். நடு வட்டம் வளையத்தோடு கலந்து தெரியாமல் போனால் சாப்பிடக்கூடாது. நீலமா ஊதாவா என்று பெயர் சொல்லத் தடுமாறுகிறவர்களும் இரண்டும் ஒன்றா வேறா என்று சொல்லிவிடுவார்கள்.

11. காகிதத்துக்குப் பதில் மரச்சீனி (மரவள்ளி) படலம்

காகிதத்தில் கை பழகியவர்கள் மட்டும் இங்கே வரவும். படலம் பார்க்க அழகு, ஆனால் தொல்லை அதிகம். வெறும் மரச்சீனி மாவில் செய்த படலம் பெட்டியின் ஈரத்தில் பிசுபிசுத்துப் போகும். அதற்காகத்தான் சைனா கிராஸ் என்று விற்கும் அகர் சேர்க்கிறோம்.

மொத்தம் 200 மில்லிக்கு: மரச்சீனி மாவு 6 கிராம், அகர் 2 கிராம், கிளிசரின் 2 மில்லி, சாயம் 40 மில்லி. மாவு என்பது கிழங்கைத் துருவிப் பிழிந்த பாலின் அடியில் தங்கும் வெள்ளை மாவு. கிழங்கை அப்படியே காய வைத்து அரைத்ததில் நார் இருக்கும், படலம் சொரசொரப்பாக வரும்.

அகரை 100 மில்லி நீரில் கொதிக்க வைத்து முழுதும் கரையுங்கள், அது கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் கரையும். மாவை 60 மில்லி சுட வைக்காத தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அதில் ஊற்றுங்கள். 80 டிகிரியில் பத்து நிமிடம் கிண்டினால் கஞ்சி கலங்கலிலிருந்து தெளிவாகும். கிளிசரின் சேருங்கள். இப்போது அடுப்பை அணைத்து 55 டிகிரி வரும்வரை காத்திருந்து, அப்புறம் சாயத்தை ஊற்றுங்கள். அதற்கு முன் ஊற்றினால் சூட்டில் நிறம் சாகும். 40-க்குக் கீழ் போக விட்டால் அகர் உறைந்து கட்டி கட்டியாகும். இந்தச் சாயத்தில் ஏற்கனவே கிளிசரின் சேர்க்காமல் பிஎச் மட்டும் சரிசெய்து வைத்திருங்கள்.

9 சென்டிமீட்டர் தட்டுக்கு 20 மில்லி. தட்டு மட்டமாக இருக்கட்டும், சாய்ந்தால் ஒரு பக்கம் தடித்து அங்கே நிறம் தாமதமாக மாறும். குமிழியை ஊசியால் குத்திவிடுங்கள். விசிறிக்குக் கீழ் ஒன்றிரண்டு நாள். ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டால் உரிக்கலாம். நொறுங்கினால் கிளிசரின் போதவில்லை, கையில் ஒட்டினால் அதிகம். படலத்துக்கு எட்டாம் படியையும் பத்தாம் படியையும் புதிதாகச் செய்ய வேண்டும். காகிதத்தில் கிடைத்த எல்லை நிறம் இதற்குப் பொருந்தாது.

12. விற்பனைப் பெட்டியில் ஒட்டும் முன்

நீலம் என்றால் பாதுகாப்பு என்று எங்கும் எழுதாதீர்கள். நோய் தரும் கிருமிகளில் பல, புளிப்பு வாடையோ அமிலமோ காட்டாமலே பெருகும். கழுவாத கத்தியில் நறுக்கிய பழத்திலும் லேபிள் நீலமாகத்தான் இருக்கும். அடைத்த தேதியும் கடைசித் தேதியும் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும், லேபிள் அவற்றுக்குத் துணை மட்டும். பழமும் 5 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும்.

உணவைத் தொடும் எதற்கும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொட்டல விதிகள் உண்டு. பூவிலிருந்து வந்தது என்பதாலேயே சாயம் தேறிவிடாது. பசை, டேப், அச்சு மை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு மாதிரிப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு தொகுதி லேபிளுக்கும் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: பூ வாங்கிய நாள், சோடா எத்தனை சொட்டு, வினிகர்ச் சோதனையில் ஊதா ஏற எத்தனை நிமிடம். மழைக்காலப் பூவிலும் கோடைப் பூவிலும் சாயத்தின் அழுத்தம் ஒன்றாக இருக்காது. புதுப் பூ வாங்கும்போதெல்லாம் வினிகர்ச் சோதனையைத் திரும்பச் செய்து, பழைய அட்டையோடு நிமிடங்களை ஒப்பிடுங்கள். நேரம் வெகுவாக விலகினால் பத்தாம் படியிலிருந்து மறுபடி. விலகாவிட்டால் வெட்டி ஒட்டலாம்.